வண்டு விழுந்த பயறு

பயறு டப்பாவைத் திறந்ததும் வண்டு ஓடினால் முகம் சுளிப்போம் இல்லையா? அப்படி ஒரு டப்பாவைத்தான் இந்த செமஸ்டர் இரண்டாமாண்டு விலங்கியல் லேபுக்கு எடுத்துப் போனேன்.

நான் படித்தபோது பிராக்டிகல் என்றாலே கரப்பான்பூச்சிதான். குளோரோஃபார்ம் வாடை, மெழுகுத் தட்டு, வாயுறுப்புகளைப் பிரித்து ஸ்லைடில் ஏற்றுவது. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறுவைச் செய்முறைகளை நிறுத்தச் சொன்னது. நல்ல முடிவு. ஆனால் அந்த இடத்தில் நாம் கொண்டுவந்து வைத்தது சார்ட்டும் பிளாஸ்டிக் பொம்மையும்தான். அதைப் பார்த்து ரெக்கார்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்குகிறார்கள் பிள்ளைகள். விடையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்குக் கேள்வி எப்படி வரும்?

பயறு வண்டை வளர்க்கச் செலவே கிடையாது. வளர்ந்த வண்டுக்குத் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பெண் வண்டு பயறின் மேல் முட்டையை ஒட்டிவைக்கும். புழு முட்டையின் அடிவழியாகவே பயறைக் குடைந்து உள்ளே போகும். குடைந்த தூள் காலி முட்டை ஓட்டில் நிரம்பிவிடுவதால் பொரிந்த முட்டை வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், பொரியாதது கண்ணாடிபோல இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு ஏறக்குறைய நாலு வாரத்தில் வட்டமாக ஓட்டை போட்டு வண்டு வெளியே வரும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழக, மோர்ஹவுஸ் கல்லூரிப் பேராசிரியர்கள் இளங்கலை லேபுகளுக்கென்றே இதை வைத்துச் செய்முறைகள் உருவாக்கியிருக்கிறார்கள்.

முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு மாணவி கேட்டாள்: "மேம், எங்க அம்மாச்சி பயத்துல வேப்பிலை போட்டு வைப்பாங்க. அது நிஜமாவே வேலை செய்யுமா?"

"நீயே பார்த்துச் சொல்லும்மா" என்றேன்.

மூன்று டப்பா வைத்தாள். ஒன்றில் வெறும் பயறு, ஒன்றில் காய்ந்த வேப்பிலை, ஒன்றில் விளக்கெண்ணெய் தடவிய பயறு. எல்லாவற்றிலும் ஐம்பது பயறு, ஐந்து ஜோடி வண்டு. எண்ணெய் டப்பாவில் முட்டையே குறைவு, இருந்ததும் வெள்ளையாகவில்லை. வேப்பிலை டப்பாவுக்கும் வெறும் டப்பாவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அவளுக்கு மனசே ஆறவில்லை. இலை போதவில்லையா, ரொம்பக் காய்ந்துவிட்டதா, ஒரே டப்பாவை வைத்து முடிவு சொல்லலாமா? ஒரு ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நான் ஒன்றையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, சிக்கலும் உண்டு. வாரத்துக்கு ஒரு பிராக்டிகல் என்ற டைம்டேபிளுக்குள் வண்டின் வாழ்க்கை அடங்காது, மதிய இடைவேளையிலும் வந்து எண்ண வேண்டியிருக்கிறது. முடிந்த டப்பாக்களை ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துப் பயறெல்லாம் போச்சு. எல்லாவற்றையும்விட, செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டருக்கு, அதாவது வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்து இன்னதென்று எழுதுவதற்கு, மதிப்பெண் இருக்கிறது, அவள் கேட்ட கேள்விக்கு இல்லை. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால், பத்து மதிப்பெண்ணாவது அதற்கு ஒதுக்குங்கள்.

இப்போது பச்சை வேப்பிலையோடு ஒன்பது டப்பா வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை எண்ணுகிறோம்.