வாடகை ஆறாயிரம், மற்றவை தனி

திருநெல்வேலிக்கு மாற்றலாகிப் போகிறேன் என்றதும் சென்னை அலுவலகத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "உனக்கென்னப்பா, அங்கே வாடகை குறைச்சல்." ஒன்றரை மாதம் அலைந்து இருபத்திரண்டு வீடு பார்த்தபின் சொல்கிறேன். வாடகை குறைச்சல்தான். வாடகை மட்டும்.

பெருமாள்புரம், மகாராஜநகரெல்லாம் முதல் வாரத்திலேயே கைவிட்டாயிற்று. கே.டி.சி. நகரில் ஒரு மாடி வீடு, எட்டாயிரம். பிடித்திருந்தது. அட்வான்ஸ் எண்பதாயிரம் என்றார் ஓனர். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைதான் முன்பணம். ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்று அதிலேயே ஒரு வாலும் இருக்கிறது. "மூணு மாசம்னு சட்டம் இருக்கே அண்ணாச்சி" என்று கேட்டுப் பார்த்தேன். "அப்போ சட்டத்துக்கிட்டயே வீடு கேளுங்க தம்பி" என்றார். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான்.

டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு வளவு, அதாவது ஒரே வாசலுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். வாடகை நாலாயிரத்து ஐநூறு. பாத்திரம் கழுவுகிற அங்கணக்குழியில் பாசி பிடித்திருந்தாலும் முன்கட்டுத் தார்சாவில் நல்ல காற்று. ஆச்சி சொந்த ஊர் கேட்டார், சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். "மவன்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார். மூன்று மாதமாகிறது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஆறாயிரத்துக்கு ஒரு மாடிப் போர்ஷன். அட்வான்ஸ் பேரம் பேசி நாற்பதாயிரம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. குழாயில் உப்புத் தண்ணீர், குடிக்க கேன் வாங்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தேதான் வந்தோம். தெரியாமல் போனது படிக்கட்டுக்கு அடியில் இருந்த சப் மீட்டர்: ஓனரின் இணைப்பிலிருந்து எங்கள் போர்ஷனுக்கு ஓடுகிற கரண்டைக் கணக்கிட அவர் வைத்த தனி மீட்டர்.

மாதம் பிறந்தால் ஓனர் டார்ச்சோடு வருவார். மீட்டர் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, பக்கத்துச் சுவரிலேயே பென்சிலால் எண்ணை எழுதுவார். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், முதல் யூனிட்டிலிருந்தே. இரண்டு மாதத்தில் நாங்கள் ஓட்டியது 130 யூனிட். கொடுத்தது 1,040 ரூபாய். இதே 130 யூனிட் தனி இணைப்பில் ஓடியிருந்தால் நூறு ரூபாய்கூட வந்திருக்காது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இலிருந்து நடக்கிறதே, அது வாடகைக்காரன் வீட்டுக்குள் வருவதில்லை. படிக்கட்டோடு நின்றுவிடுகிறது.

ஓனரைக் கொள்ளைக்காரர் என்று சொல்ல மாட்டேன். கீழே அவர், மேலே நாங்கள் இரண்டு குடும்பம், எல்லாம் ஒரே இணைப்பு. மொத்தமாக ஓடினால் யூனிட் விலை படிப்படியாக ஏறத்தான் செய்யும். அவர் வீட்டில் ஏசி வேறு. (அந்த ஏசியால் ஏறுகிற விலையில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பது வேறு விஷயம்.) "போர்ஷனுக்கு ஒரு இணைப்பு வாங்கிரலாமே சார், உங்க பேர்லயே இருக்கட்டும்" என்றேன். "அப்புறம் காலி பண்ணச் சொன்னா நீங்க பில்லைத் தூக்கிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போவீங்க." பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டு, நாற்பதாயிரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பயப்படுகிறவர் அவர்!

என்னைக் கேட்டால், வாடகையைக் கட்டுப்படுத்துங்கள் என்றுகூடக் கேட்க மாட்டேன். வாடகைக்கு விடுகிற போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு கட்டாயம், அது இல்லையென்றால் டு-லெட் போர்டு மாட்டாதே என்று ஒரே ஒரு விதி போதும். என் மாதிரி ஆளுக்கு மாதம் நானூறு ஐநூறு மிஞ்சும். பையனின் வேன் கட்டணத்தில் பாதி அது.

நேற்று ஒன்றாம் தேதி. சுவரில் புது எண் ஏறியிருக்கிறது. 64 யூனிட், ஐநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். "சில்லறையா இருந்தா நல்லது தம்பி" என்றார்.