நம் மலைகள் எரிமலையும் அல்ல, மேலோட்டின் அடித்தளமும் அல்ல

ஏலகிரியும் ஜவ்வாது மலையும் அணைந்துபோன எரிமலைகள் என்று யாராவது பதிவிடுவதும், அதை மறுக்க வருபவர்கள் "இவை கண்ட மேலோட்டின் (கண்டங்களாக அமைந்த புவியின் வெளி ஓட்டின்) அடித்தளமே மேலெழுந்து வந்தவை" என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டன. முதற்கூற்றை ஒரே வரியில் முடித்துவிடலாம்: ஏலகிரியின் சயனைட், நிலத்துக்கு அடியிலேயே மெல்லக் குளிர்ந்து இறுகிய பாறை. இரண்டாவது கூற்று பாதி உண்மை என்பதால் அதுதான் கூடுதல் கவனம் வேண்டுவது.

நம் மலைப்பகுதியில் நாம் உடைத்து ஜல்லியாக்கும் சார்னோகைட் என்னும் பாறை, 700 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில் உருவானது என்பதை அதன் கனிமங்களே காட்டுகின்றன. ஆனால் அது மேலே வந்த பிறகும் நம் காலடியில் இன்னும் 40 கிலோமீட்டர் அளவுக்கு மேலோடு எஞ்சியிருப்பதை நிலநடுக்க அலைகள் சொல்கின்றன. ஆகவே நம் மலைப்பாறை, அன்றைய தடித்த மேலோட்டின் நடு அடுக்கே ஒழிய அடித்தளம் ஆகாது.

துளையிட்டும் அந்த அடித்தளத்தை எட்ட முடியாது. ஆய்வுக்காகத் தோண்டிய ரஷ்யாவின் கோலா துளை 12,262 மீட்டரில், 180 பாகை வெப்பத்தில் நின்றுபோனது. நிலநடுக்க அலைகளின் வேகத்தை நம்பி ஏறத்தாழ 7 கிலோமீட்டரில் பசால்ட் (எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை) வரும் என்று காத்திருந்தவர்களுக்கு, நீர் ஊறிய, வெடிப்புற்ற கிரானைட் வகைப் பாறையே கிடைத்தது. இங்கேதான், எரிமலைக் குழம்பு ஆழத்திலிருந்து பெயர்த்துத் தூக்கி வந்த பாறைத் துண்டுகளின் மதிப்பு புரிகிறது. கனமான துண்டுகள் குழம்பில் மூழ்கிவிடாமல் மேலே வர வேண்டுமானால் பயணம் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ முடிந்தாக வேண்டும். கனிமங்கள் மாறுவதற்கு நேரமே இருப்பதில்லை. நம் மலைகளோ நெடுங்காலம் மெல்ல ஏறி, வழியில் நீரும் வெப்பமும் பட்டு மாறியவை. துண்டிலுள்ள கார்னெட், பைராக்சீன் ஆகிய கனிமங்கள் ஆழத்தைச் சொல்லும். சிர்க்கான் என்னும் கனிமம் வயதைச் சொல்லும். ஆய்வகத்தில் அதன் அலைவேகத்தை அளந்து, நிலத்தடியில் பதிவான வேகத்தோடு ஒப்பிடவும் முடியும்.

மகாராஷ்டிரத்தின் முருட்-ஜஞ்சிரா கடற்கரையில் தக்காண எரிமலைக் காலத்துப் பாறைகளுக்குள் இத்தகைய கிரானுலைட் (ஆழத்தின் கடும் வெப்பத்தில் உருமாறிய பாறை) துண்டுகள் கிடைத்துள்ளன. உலகளவில் இவற்றில் சிலிக்கா குறைந்து இரும்பும் மக்னீசியமும் மிகுந்தவையே கூடுதல். வெளியே தெரியும் கிரானுலைட் மலைகளிலோ பொதுவாகச் சிலிக்கா அதிகம். மேலோட்டின் கீழடுக்கில் சிலிக்கா ஏறத்தாழ 52 விழுக்காடு என்று 1995-இல் புவியியலாளர்கள் ருட்னிக்கும் ஃபவுண்டனும் மதிப்பிட்டதில் இந்தத் துண்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயினும் இவையும் ஒருதலைச் சாட்சிகள்தாம் என்பது என் கருத்து. எரிமலை, தான் போகும் வழியில் உள்ளதை மட்டுமே பெயர்க்கிறது. மேலோட்டின் அடியில் தேங்கி உறைந்த பசால்ட் குழம்பே பின்னொரு வெடிப்பில் துண்டாகத் திரும்பி வரக்கூடும். வட ஆர்க்காட்டுக்கு அத்தகைய சாட்சிகூட இல்லை. ஆந்திரத்தின் வஜ்ரகரூர் கிம்பர்லைட் குழாய்கள் (ஆழத்திலிருந்து குழம்பு மேலேறி உறைந்த பழைய எரிமலை வழிகள்) தூக்கி வந்தவற்றில் பேசப்படுபவை பெரும்பாலும் மேலோட்டுக்கும் கீழிருந்து வந்தவை. வேலூருக்கு அடியில் 30 கிலோமீட்டரில் இன்ன பாறைதான் இருக்கிறது என்று எழுதுபவர், அது அலைவேகத்திலிருந்து பெற்ற ஊகம் என்பதையும் அதே வரியில் எழுதட்டும்.