பூஜ்ய வரிகள்

தரவுத்தளம் பிழை என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; எந்தக் குறையும் சொல்லாமல் ‘பூஜ்ய வரிகள்’, அதாவது ஒரு பதிவும் கிடைக்கவில்லை, என்று மட்டும் காட்டிவிட்டு நிற்பதை எப்படிப் பொறுப்பது? தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த நம் முன்னோரின் பெயர்களைத் தொகுத்த அட்டவணையில், 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலின் பயணிகளைத் தேடுகிறேன், ஒருவர்கூட வரவில்லை. அட்டவணையைத் திறந்து பார்த்தால் அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்! கப்பலின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நீக்கினால், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் ஓடிய அதே வினவல் (தேடல் கட்டளை), போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு மென்பொருளில் இரண்டையும் வேறு வேறாக எண்ணி மறுபடியும் கையை விரிக்கிறது. முனுசாமி ஒரு வரியில் மூன்சாமி, இன்னொரு வரியில் முனிசாமி; எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததற்கு எத்தனை வடிவங்களைத் தேடுவது?

எல்லாவற்றிலும் கொடியது ‘நாட் இன்’, அதாவது ‘இந்தப் பட்டியலில் இல்லாதவற்றைக் கொடு’ என்று கேட்கும் நிபந்தனை. அந்தப் பட்டியலைத் தரும் உள்வினவலின் விடையில் ஒரே ஒரு ‘நல்’ மதிப்பு, அதாவது நிரப்பப்படாத ஒரு கட்டம், இருந்துவிட்டால் போதும். ஒப்பீடு உண்மையும் ஆகாமல் பொய்யும் ஆகாமல் ‘தெரியாது’ என்று நின்றுவிட, வரவேண்டிய வரிகளில் ஒன்றுகூட வெளியே வராது. எங்கோ எவரோ நிரப்பாமல் விட்ட ஒரு கட்டத்துக்காக முழு விடையும் காணாமல் போக வேண்டுமா? வினவல்களை எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லின் விதிப்படி அது சரிதான் என்கிறார்கள். விதி இருக்கட்டும், ஓர் எச்சரிக்கையாவது தரக்கூடாதா? இல்லாததையும் கிடைக்காததையும் பிரித்துச் சொல்லாத ஒரு விடையை வைத்துக்கொண்டு, ‘உங்கள் கொள்ளுத்தாத்தா பதிவேட்டில் இல்லை’ என்று ஒரு குடும்பத்திடம் நான் எந்த வாயால் சொல்வேன்?