"அப்பன் காசு" என்று எழுதியவர்களுக்கு

நம் நாட்டு கார் பந்தய ஓட்டுநர் குஷ் மைனி 2025 மே மாதம் மொனாக்கோவில், ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே இருக்கிற ஃபார்முலா 2 (எஃப்2) பந்தயத்தில் ஜெயித்த செய்திக்குக் கீழே வந்த அந்தக் கமெண்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிட்டதே நம் ஆட்கள்தான். "அப்பன் காசுல கார் ஓட்டுனா நாங்களும்தான் ஜெயிப்போம். அதுவும் ரிவர்ஸ் கிரிட்." எழுதியவர் மேல்கூட எனக்குப் பெரிய கோபமில்லை. அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளைப் பார்த்ததிலிருந்துதான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. சிரித்தவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறவர்கள்.

காசு வேண்டும். யார் இல்லை என்றது? ஃபார்முலா 2-வில் ஒரு சீசன் ஓட்ட 20 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். மைனி குடும்பம் பெங்களூருவில் பெயர்பெற்ற தொழில் குடும்பம். ரேவா மின்சாரக் காரைக் கொண்டுவந்த சேத்தன் மைனி அந்த வீட்டுக்காரர். அப்பா கௌதம் மைனி தானே ரேஸ் ஓட்டியவர். அண்ணன் அர்ஜுன் 2018-ல் எஃப்2 ஓட்டினார். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த கிரிட்டில், அதாவது பந்தயம் கிளம்பும் வரிசையில், நிற்கிற 22 பேரும் காசோடுதான் வந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு அப்பா காசு, ஒருவனுக்கு ஸ்பான்சர் காசு, இன்னொருவனுக்குப் பெரிய அணிகள் நடத்துகிற அகாடமியின் காசு. கார் எல்லாருக்கும் ஒரே டல்லாரா. இன்ஜின் எல்லாருக்கும் ஒரே மெக்காக்ரோம் 3.4 லிட்டர் டர்போ. டயர் எல்லாருக்கும் பிரெல்லி. காசு சீட் வாங்கிக் கொடுக்கும். லேப் டைம், அதாவது ஒரு சுற்றை ஓட்டி முடிக்கிற வேகம், வாங்கிக் கொடுக்காது.

ரிவர்ஸ் கிரிட்டுக்கு வருகிறேன். தகுதிச் சுற்றில் முதல் பத்து இடத்துக்குள் வந்தவர்களை மட்டும்தான் ஸ்பிரிண்ட் என்கிற குறும்பந்தயத்துக்குத் தலைகீழாக நிறுத்துவார்கள்; பத்தாவதாக வந்தவன் முதலில் நிற்பான். அவன் மொனாக்கோவில் ஜெயித்தது இந்த ஸ்பிரிண்டைத்தான். பதினோராவதாக வந்தவன் பதினோராவதாகவேதான் நிற்பான். அதாவது, அந்த முன்வரிசையும் ஓட்டிச் சம்பாதித்ததுதான். மொனாக்கோவில் எல்லாரையும் ஒன்றாக விட்டால் இடம் பத்தாது என்று இரண்டு குழுவாகப் பிரித்துத் தகுதிச் சுற்று நடத்துகிறார்கள். நல்ல லேப் போட்டுக்கொண்டிருக்கும்போது எவனாவது தடுப்பில் மோதி சிவப்புக் கொடி விழுந்து ஓட்டம் நின்றால் அந்த வார இறுதியே போச்சு. அதையெல்லாம் தாண்டித்தான் பத்துக்குள் வரவேண்டும்.

"மொனாக்கோவில் முந்தவே முடியாதே, முன்னால நின்னவன் ஜெயிக்காம என்ன பண்ணுவான்" என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்து கேட்டார். முந்துவது கஷ்டம், சரி. 3.337 கிலோமீட்டர் தெரு, இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு, பவர் ஸ்டீயரிங் இல்லாத கார், 30 சுற்று. பின்னால் ஒருவன் கண்ணாடியை நிறைத்துக்கொண்டு வருகிறான். ஒரே ஒரு முறை ஒரு கைப்பிடி அகலம் தள்ளிப்போனால் சக்கரம் முறிந்து நிற்கும். அந்த 30 சுற்றையும் தவறாமல் ஓட்டி முடித்தவனைப் பார்த்து, சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்கிற பேச்சா இது? மொனாக்கோ எஃப்2-வில் இந்தியன் ஒருவன் ஜெயித்தது இதுதான் முதல்முறை ஐயா.

இந்தப் பையன் நேற்று முளைத்தவனில்லை. 2016-ல் 15 வயதில் இத்தாலியில் எஃப்4. எஃப்4, எஃப்3 எல்லாம் எஃப்2-வுக்குக் கீழ்ப் படிகள். 2018-ல் பிரிட்டிஷ் எஃப்3-யில் மூன்றாமிடம், 2020-ல் அதே தொடரில் இரண்டாமிடம். 2022-ல் எஃப்3, 2023-ல் காம்போஸ் அணியில் எஃப்2. 2024-ல் இன்விக்டா அணி. சீசன் தொடங்கியதும் பஹ்ரைனில் போல், அதாவது தகுதிச் சுற்றில் முதலிடம், எடுத்தான். கார் தொழில்நுட்ப விதிக்குள் இல்லை என்று அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். கிரிட்டின் கடைசியில் போய் நின்றான். அதே வருடம் பாகுவில் கிரிட்டில் கார் கிளம்பாமல் திணற, பின்னாலிருந்து வந்தவர்கள் முழு வேகத்தில் வந்து மோதினார்கள். அந்த வீடியோவைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. அதற்கும் இங்கே மீம் போட்டார்கள்.

புடாபெஸ்ட் ஞாபகமிருக்கிறதா? 2024 ஜூலை. அவனுடைய முதல் எஃப்2 வெற்றி. முன்னால் முடித்த வெர்ஷூர் தகுதிநீக்கம் செய்யப்பட்ட பிறகு, பந்தயம் முடிந்த பின்னால், காகிதத்தில் வந்த வெற்றி. மேடையின் உச்சிப்படியும் இல்லை, தேசியகீதமும் இல்லை. அந்தப் படியில் ஏறி நின்று ஜன கண மன கேட்க அவனுக்கு மொனாக்கோ வரைக்கும் ஆனது. அதைத்தான் நீங்கள் அப்பன் காசு என்கிறீர்கள்.

அதே 2024-ல் அதே அணியில் இருந்த போர்ட்டொலெட்டோ சாம்பியன் ஆனாரே என்பீர்கள். ஆனார். நல்ல ஓட்டுநர். அதனால் இவன் ஓட்டத் தெரியாதவன் ஆகிவிடுவானா?

இது குஷ் மைனியோடு மட்டும் முடிகிற விஷயமில்லை என்பதால்தான் இத்தனை நீட்டுகிறேன். எங்கள் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்கும் இதையேதான் செய்தோம். 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை ஜெயித்தார், 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன், பிறகு பிரிட்டிஷ் எஃப்3-யில் பந்தயங்களை ஜெயித்தார். இதில் ஒன்றாவது நம் ஊர் டீக்கடையில் யாருக்காவது தெரியுமா? "இண்டியனாபோலிஸ்ல ஆறு கார்தான் ஓடுச்சு, அதுல நாலாவது" என்பது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த 2005 ஃபார்முலா ஒன் பந்தயத்தில் டயர் பாதுகாப்பில்லை என்று மிஷெலின் டயர் அணிகள் விலகியதற்கு நரேன் என்ன செய்வார்? இதுவரை ஃபார்முலா ஒன்னில் பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர், நரேனும் கருண் சந்தோக்கும். இரண்டு பேரும் தமிழ்நாடு. ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிக் கொடுத்த கரிவரதன் எங்கள் ஊர்க்காரர். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் டிராக்கே இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு சிரிப்புக் குறி போடுகிறோம்.

என் அக்கா பையன் கார்ட், அதாவது பையன்கள் ஓட்டிப் பழகுகிற குட்டிப் பந்தயக் கார், ஓட்டினான். வெயிலில் ஓட்டிவிட்டு வந்து கையுறையைக் கழற்றினால் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து நீர் ஓடும். அக்கா டேப் சுற்றிவிடுவாள், மறுபடி போவான். புது டயர் போட்ட பையன்கள் கடைசி வளைவில் இவனைத் தாண்டிப் போவார்கள். ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னிடம் வந்து, "நான் மெதுவா ஓட்டலீங்க மாமா, டயர்தான் புடிக்கல" என்றான். மச்சானிடம் அடுத்த டயர் செட்டுக்குப் பணமில்லை என்பது அவனுக்குத் தெரியும். என்னிடமும் இல்லை. ஒரு கம்பெனியில் ஸ்பான்சர் கேட்டு ஃபைலோடு போனோம். அங்கிருந்தவர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "கிரிக்கெட்னா சொல்லுங்க, பேசலாம்" என்றார். பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இப்போது இன்ஜினியரிங் படிக்கிறான். ரேஸ் வந்தால் டிவி முன்னால் உட்கார மாட்டான், எழுந்து போய்விடுவான்.

"பார்த்தாயா, நீயே காசுதான் என்று ஒத்துக்கொள்கிறாயே" என்று வரப்போகிறீர்கள், தெரியும். காசில்லாமல் என் வீட்டுப் பையன் நின்றுபோனான். அந்த வயிற்றெரிச்சல் உங்களைவிட எனக்கு அதிகம் இருக்கவேண்டும். ஆனால் அந்தக் கோபத்தை ஓட்டி ஜெயித்தவன் மேல் காட்ட எனக்கு மனசு வரவில்லை. ஃபைலைத் திறக்காதவர் மேல்தான் வருகிறது. சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 2024-ல் இரவுப் பந்தயம் நடந்தபோது, "இது எதுக்கு, யாருக்கு" என்று கேட்டவர்கள் மேல் வருகிறது. ஐபிஎல் ஏலத்தில் கோடிகள் போகும்போது கை தட்டிவிட்டு, இங்கே மட்டும் "மக்கள் பணம், பணக்கார விளையாட்டு" என்று நியாயம் பேசுகிறவர்கள் மேல் வருகிறது. வழியெல்லாம் அடைத்துவிட்டு, அதையும் மீறி ஒருவன் போய்ச் சேர்ந்தால் "அவனுக்கு வசதி இருந்துச்சு" என்போம். வசதி இல்லாதவனுக்கு நாம் என்ன செய்து கிழித்தோம்?

குஷ் மைனி ஃபார்முலா ஒன்னுக்குப் போவானா? அங்கே ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு 40 புள்ளி வேண்டும், எஃப்2-வில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஒரே சீசனில் அது கிடைக்கும். 2025 வரை அவன் அந்த இடத்துக்கு வரவில்லை.  இனி வரும் பந்தயங்களில் மோசமாக ஓட்டினால் ஓட்டத்தை வைத்துத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். டயரை எரித்தான் என்று சொல்லுங்கள், ஸ்டார்ட்டில் கோட்டை விட்டான் என்று சொல்லுங்கள். அப்பனை இழுத்தால் கமெண்டை அழித்துவிடுவேன், நண்பராக இருந்தாலும்.