காரைத் தாழ்த்தப் போகிறீர்களா? உயரத்தை அப்புறம் பார்க்கலாம்

வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழையும். சின்ன ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்குக் கண்ணை உறுத்துவது அந்த இடைவெளிதான். எனக்கும் உறுத்தியது. காரைத் தாழ்த்தும் குட்டையான ஸ்பிரிங், அதாவது லோயரிங் ஸ்பிரிங், ஒரு செட் வாங்கி மாட்டினேன். கார் 40 மி.மீ. இறங்கியது. அன்று காரை நிறுத்திவிட்டு நடந்து போகும்போது நாலைந்து முறை திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

எட்டாவது மாதத்தில் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசியத் தொடங்கியது. முன் டயர்களின் உள்விளிம்பு கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இவற்றைக்கூடச் செலவு என்று விட்டுவிடலாம். வளைவில் திரும்பும்போது சின்னப் பள்ளம் ஒன்று வந்தால், கார் ஒரு நொடி துள்ளி வெளிப்பக்கமாக நகர்ந்துவிட்டுப் பிறகுதான் பிடிக்குள் வந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், அளந்தேன், கழற்றிப் பார்த்தேன்.

காரைத் தாழ்த்துவது தப்பு என்று நான் சொல்லவில்லை. 40-ஐக் குறைத்துக்கொண்டாலும் என் கார் இன்றும் 25 மி.மீ. தாழ்ந்துதான் ஓடுகிறது, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்ததைவிட நன்றாகவே ஓடுகிறது. ஆனால் தாழ்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும், சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்கு இருக்கும் இடத்திலிருந்துதான் போகிறது. அதற்கு ஈடு எதுவும் செய்யாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் சும்மா நிற்கும் நிலையிலிருந்து, அமுங்குவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் வரை சக்கரம் மேலே ஏற 80 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. தாழ்த்தினால் மிஞ்சுவது 50. முன்பு 80 மி.மீ. அமுங்கித் தாங்கிய அதே அடியை இனி 50-க்குள் தாங்க வேண்டும். அமுங்கும் தூரம் பாதியானால் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் கால்வாசியாகிவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஸ்பிரிங் சுமார் இரண்டரை மடங்கு கடினமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஸ்பிரிங்கைப் போட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போக யாராலும் முடியாது. அதனால் தெருவில் ஓட்டுவதற்கான லோயரிங் ஸ்பிரிங்குகள் கொஞ்சம்தான் கடினமாக இருக்கும். மீதி அடி எங்கே போகும்? பம்ப் ஸ்டாப்புக்கு.

பம்ப் ஸ்டாப் என்பது ஷாக் அப்சார்பர் கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும் நுரை போன்ற ஒரு பாலியூரிதேன் துண்டு. முதலில் மெத்தென்று அமுங்கும். அப்புறம் சட்டென்று கல்லாகிவிடும். நேர்சாலையில் இது 'டம்' என்ற சத்தத்தோடு முடிந்துவிடும். வளைவில் அப்படி இல்லை. வெளிப்பக்கச் சக்கரம் ஏற்கெனவே பாரத்தால் அமுங்கி இருக்கிறது; இருந்த 50-இல் பாதி அங்கேயே போய்விட்டது. அந்த நேரத்தில் ஒரு பள்ளம் வந்தால் அந்த மூலையில் சஸ்பென்ஷனே இல்லாத மாதிரிதான். டயர் தரையை விட்டுத் துள்ளும். என் கார் துள்ளியதற்குக் காரணம் இதுதான். பம்ப் ஸ்டாப்பைக் கழற்றிப் பார்த்தபோது அது பிய்ந்து பாதிதான் மிச்சம் இருந்தது.

அடுத்தது ஷாக் அப்சார்பர். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் வாங்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும் வேகத்தை அடக்குவது இதன் வேலை. ஸ்பிரிங் கடினமானால் அது விரியும் விசையும் கூடும். பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது. அதுவும் 60,000 கி.மீ. ஓடித் தளர்ந்துபோன ஒன்றின் மேல் புது ஸ்பிரிங்கை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1976-இல் விற்பனைக்கு வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ-யைப் பாருங்கள். சாதாரண கோல்ஃபைவிடத் தாழ்வான கார்தான். ஆனால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்தே அமைத்தார்கள். சின்னக் கார் இப்படியும் ஓடும் என்று உலகத்துக்குக் காட்டிய கார் அது.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துபவர்களிடம் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. வேலை செய்யும் சுற்று 6 உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் கடினமாகும். பிரச்சினை அது இல்லை. ஸ்பிரிங்கின் முனை, கீழே இருக்கும் தட்டில் சரியாக உட்காரும்படி வளைக்கப்பட்டிருக்கும். வெட்டியதும் அது போய்விடும். நீளமும் குறைந்துவிடுவதால், சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் இடத்தை விட்டே நழுவலாம். இன்னும் சிலர் ஸ்பிரிங்கைச் சூடுபடுத்தி உட்கார வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் எஃகின் பதமே கெட்டுவிடும். பின் சீட்டில் நம் பிள்ளைகள் உட்காரும் வண்டியில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

'தாழ்த்தினால் வளைவில் சாயாது' என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஈர்ப்பு மையம் 550 மி.மீ. உயரத்தில் இருக்கும் காரை 30 மி.மீ. இறக்கினால், திரும்பும்போது உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரம் 5 சதவீதம் அளவுக்குக் குறையும். நல்லதுதான். ஆனால் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு. காரை இறக்கும்போது கீழே சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்கிறது. அப்போது ரோல் சென்டர், அதாவது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுகிறது; காரைச் சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது. மிகவும் தாழ்த்திய காரில் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டு இந்தக் குறையை மறைக்கிறோம், அவ்வளவுதான். 25, 30 மி.மீ.-க்கு மேல் போக வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டயர் தேய்ந்ததற்கு எல்லோரும் கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தை, குற்றம் சொன்னார்கள். அளந்து பார்த்தால் கேம்பர் ஒரு டிகிரிதான் மாறியிருந்தது. டயரைத் தின்றது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம். உயரம் மாறினால், ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறும். சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிக்கொள்ளும். ஸ்பிரிங் மாட்டிய இடத்தில் 'அலைன்மென்ட் எல்லாம் வேண்டாம் சார், அப்படியே ஓட்டுங்க' என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அங்கே இன்னொரு தவறும் நடந்தது. கார் லிஃப்ட்டில் தொங்கும்போதே கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளை முறுக்கிவிட்டார்கள். அப்படி முறுக்கினால் காரைத் தரையில் இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் திருகிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் காரின் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்குக் கொடுக்க வேண்டும். வேலைக்கு விடும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சில மாடல்களில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் அமுங்கினால் காரில் பாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காரைத் தாழ்த்திவிட்டு இந்த வால்வைச் சரிசெய்யாவிட்டால், ஆளே இல்லாத காரிலும் அது பாரம் இருப்பதாகவே நினைக்கும். ஈரச் சாலையில் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும்.

காயிலோவர், அதாவது உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட், வாங்குபவர்கள் ஸ்பிரிங் தட்டைத் திருகாமல் அடிப்பகுதியைத் திருகி உயரத்தை மாற்றும் வகையா என்று பாருங்கள். அதில் உயரத்தைக் குறைத்தாலும் ஷாக் அப்சார்பர் கம்பியின் பயணம் குறையாது. ஆனால் மேலே டயர் இடிக்காமல் இடம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

சரி, உங்கள் காரில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஷாக் அப்சார்பர் கம்பியில் ஒரு சின்ன கேபிள் டையை லேசாக இறுக்கிக் கட்டி, அடியில் இருக்கும் ஷாக் அப்சார்பர் உருளையை ஒட்டி இறக்கி விடுங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் வழக்கம் போல் ஓட்டுங்கள். சஸ்பென்ஷன் அமுங்க அமுங்க அந்த டை மேலே தள்ளப்பட்டு, அதிகபட்சம் அமுங்கிய இடத்தில் நிற்கும். அங்கிருந்து பம்ப் ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து கமென்ட்டில் போடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.