துருசு கேட்டால் லொக் ஃபிரேம் கேட்கிறார்கள்

நிதி வழங்கும் நிறுவனங்களிடமிருந்து மானிய விண்ணப்பம் கோரும் அறிவித்தல்கள் ஏன் காலபோக நெல் விதைப்புத் தொடங்கும் ஐப்பசியிலேயே வந்து விழுகின்றன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வன்னியில் அந்த மாதத்தில் கமக்காரர் அமைப்பின் தலைவரையோ செயலாளரையோ பொருளாளரையோ தேடினால், மூவரும் வயலில்தான் நிற்பார்கள். அவர்களைப் பிடித்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலகத்தின் சிபாரிசு, 3 ஆண்டுக் கணக்காய்வு அறிக்கை, கடைக்காரர்களின் கொட்டேசன் எல்லாவற்றையும் சேர்த்து, ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பதால், குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் துருசு ஒன்றைத் திருத்துவதற்கும் அவர்களுடைய சம்மதக் கடிதம் தேவை. அந்தக் கடிதம் இரண்டு கிழமைக்குள் கைக்கு வரும் என்று நினைப்பவர் எந்த அலுவலக வாசலிலும் காத்திருந்தவராக இருக்க முடியாது.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது, விண்ணப்பம் எழுதுவது என்ற பெயரில் ஊராரின் வாயிலிருந்து வரும் உண்மையைத் துடைத்து எறிவதுதான். எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றிக் கேட்டபோது வயதான கமக்காரர் ஒருவர் சொன்னார்: "துருசுப் பலகை உக்கிப் போச்சுது தம்பி. மண் சாக்குப் போட்டு அடைச்சிருக்கிறம். இரவிரவாத் தண்ணி ஓடுது. கதிர் வாற நேரத்திலை கடைசி வாய்க்கால் பன்ரண்டு ஏக்கரும் காயுது." பிரச்சினை, அதன் காரணம், இன்றைய நிலை, திருத்திய பின் எதை அளந்து பார்க்கலாம் என்பது வரை அந்த நான்கு வரிகளுக்குள் அடங்கியிருக்கின்றன. நேர்மையான மதிப்பீட்டாளர் ஒருவர் தேடுவதும் இதைத்தான்: இப்போது எத்தனை ஏக்கர் காய்கிறது, திருத்திய பின் எத்தனை ஏக்கர் விளையும், அதை யார் எப்போது அளப்பார்கள், பலகை மறுபடி உக்கினால் மாற்றுவதற்கான பணம் அமைப்பின் எந்தக் கணக்கிலிருந்து வரும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பவர் என்ன செய்தார் தெரியுமா? பன்னிரண்டு ஏக்கரையும் வெட்டிவிட்டு, "சமூகத்தின் மீண்டெழும் திறனை ஒருங்கிணைந்த முறையில் வலுவூட்டல்" என்ற பொருளில் முக்கால் பக்கம் எழுதினார். எங்கள் ஊரின் பெயரை எடுத்துவிட்டு எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் அது பொருந்தும்.

உண்மையில் அப்படித்தான் நடக்கிறது. துணுக்காய்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றுக்காக எழுதப்பட்ட விண்ணப்பத்தை நான் வாசித்திருக்கிறேன். கடலைக் கண்ணாலும் காணாத அந்த ஊரின் பயனாளிகளில் கடற்றொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு எழுதிய பழைய பிரதியில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியவர் மீனவரை எடுக்க மறந்துவிட்டார். போர் முடிந்த 2009க்குப் பிறகு இங்கே வந்த விண்ணப்பப் படிவங்களை எல்லாம் அடுக்கினால் ஒரு குளக்கட்டே உயர்த்தலாம்.

விண்ணப்பத்தோடு கேட்கப்படும், திட்டத்தின் நோக்கத்தையும் வேலைகளையும் பலன்களையும் கட்டம் போட்டுக் காட்டும் லொக் ஃபிரேம் என்ற அட்டவணைக்கு வருகிறேன். 1969ஆம் ஆண்டளவில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எயிட்டுக்காக உருவாக்கப்பட்ட இந்த அட்டவணையில் 'அனுமானங்கள்' என்றொரு நிரல் உண்டு. எங்கள் கையில் இல்லாத, ஆனால் திட்டத்தைக் கவிழ்க்கக்கூடிய விடயங்களை அதில் எழுத வேண்டும். அட்டவணை முழுவதிலும் புத்தியுள்ள இடம் அதுவே. ஆனால் அதை நேர்மையாக நிரப்பினால் எழுதித் தருபவர்கள் பதறுகிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது; அதற்கு முன் போட்ட வரவுசெலவில் சீமெந்தும் கம்பியும் என்னவாகியிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி வெள்ளக்காடானதையும் நாங்கள் கண்டோம். இவற்றை எழுதினால், "இப்படி எழுதினால் பயந்துவிடுவார்கள், வானிலை சாதகமாக இருக்கும் என்று போடுங்கள்" என்கிறார்கள். வன்னியில் வானிலை சாதகமாக இருக்குமாம்!

செலவுப் பகுதி இன்னொரு கூத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியங்களில் நிருவாகத்துக்கான மறைமுகச் செலவு நேரடிச் செலவின் 7 வீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய நிறுவனத்துக்கு 7 வீதம் என்பது பெரிய தொகை. வாடகைக் கட்டடமும் இல்லாத கிராமச் சங்கத்துக்கு, கணக்கு எழுதும் பிள்ளைக்குப் பேருந்துக் காசு கொடுப்பதற்கே அது காணாது. நிதி வழங்குநர்களோ அந்தச் சங்கத்திடம் பெரிய நிறுவனத்தின் கணக்கு ஒழுங்கையே கேட்கிறார்கள்.

கடைசியில் வருகிறது, "தங்கள் விண்ணப்பம் தெரிவாகவில்லை" என்று இரண்டு வரி மின்னஞ்சல். விண்ணப்பத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் புள்ளியிடுகிறார்கள் என்பதை வழிகாட்டிக் கோவையில் அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் எங்களுக்கு எந்தப் பகுதியில் எத்தனை புள்ளி என்ற தாளும் அவர்களிடம் இருக்கத்தானே வேண்டும்? கேட்டால் பதிலே இல்லை. அடுத்த அழைப்புக்கும் இதே துருசுக்காகத்தான் எழுதப் போகிறோம். எதைத் திருத்த வேண்டும் என்பதையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?