951 வாக்குகளில் தோற்றவர்

பென்சில்வேனியாவின் 2022 இடைக்காலத் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால், இங்கே நம்மவர்கள் கூடும் இடங்களில் ஒரே பல்லவிதான்: அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி அலை அடித்தது. பிலடெல்பியாவின் புறநகர் ஒன்றில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். குடியுரிமை கிடைத்த பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. அலை எதையும் நான் பார்க்கவில்லை. குடியரசுக் கட்சி மே மாதமே தன் கையால் தன் கண்ணைக் குத்திக்கொண்டதைத்தான் பார்த்தேன்.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். இது இடைத்தேர்தல் அல்ல. அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் வருவது. அதிபர் பெயர் வாக்குச்சீட்டில் இருக்காது, ஆனால் அவர் மேல் இருக்கும் கோபமெல்லாம் அவருடைய கட்சியின் தலையில் விடியும். இங்கே ஆளுநரும் மக்கள் தேர்ந்தெடுப்பவர்தான். நம் முதலமைச்சரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் விலைவாசி ஏறிக் கிடந்தது, பைடனின் செல்வாக்கு இறங்கிக் கிடந்தது. செனட்டர் பாட் டூமி ஓய்வு பெறுகிறார், ஆளுநர் டாம் வுல்ஃப் இரண்டு முறை இருந்து முடித்துவிட்டார். இரண்டு நாற்காலியும் காலி. குடியரசுக் கட்சி கை நீட்டினால் போதும் என்ற நிலை.

நடந்தது என்ன? ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஷபிரோ 30 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கி, குடியரசுக் கட்சியின் டக் மாஸ்ட்ரியானோவை ஏறக்குறைய 15 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதே நாள், அதே சீட்டில், செனட்டுக்கு நின்ற ஜனநாயகக் கட்சியின் ஜான் ஃபெட்டர்மேன் வாங்கியது 27 லட்சத்து 51 ஆயிரம். குடியரசுக் கட்சியின் மெஹ்மெட் ஆஸை அவர் வென்ற வித்தியாசம் 5 புள்ளிக்கும் சற்றுக் குறைவு. அதாவது ஷபிரோவைவிட ஃபெட்டர்மேனுக்கு சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் வாக்கு குறைவு. மாஸ்ட்ரியானோவைவிட ஆஸுக்கு சுமார் 2 லட்சத்து 49 ஆயிரம் அதிகம். அலை என்றால் எல்லாப் படகையும் ஒரே அளவாக அல்லவா தூக்கியிருக்க வேண்டும்?

இந்த இரண்டரை லட்சத்தில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். கும்பகோணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றே கூப்பிடுவேன். ஷபிரோவுக்கும் ஆஸுக்கும் போட்டார். "தம்பி, ஒருத்தர் வக்கீல், இன்னொருத்தர் டாக்டர். மற்ற இரண்டு பேரையும் வீட்டு வேலைக்குக்கூட வைக்க மாட்டேன்" என்றார். கேட்டதும் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், தொலைக்காட்சியில் உட்கார்ந்து வியாக்கியானம் செய்தவர்களைவிட அவர் தெளிவாகத்தான் இருந்தார் என்று தோன்றியது.

இந்தப் பிரித்துப் போடுதலுக்கு ஒரு சட்டப் பின்னணியும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. 2019இல் வந்த 77ஆம் எண் சட்டம் என்றால், காரணம் சொல்லாமலே தபாலில் வாக்களிக்க வழி செய்த சட்டம் என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம். அதே சட்டம் இன்னொரு காரியமும் செய்தது. அதுவரை ஒரே பொத்தானை அழுத்தினால் ஒரு கட்சியின் அத்தனை வேட்பாளர்களுக்கும் வாக்கு விழுந்துவிடும். அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். பொத்தான் இல்லாமல் நடந்த முதல் ஆளுநர் தேர்தல் 2022. ஒவ்வொரு பெயராகப் பார்த்துத் தொட வேண்டியிருந்தது. பார்த்தால் ஆளைத்தானே பார்ப்பார்கள்!

அந்த ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் என் விஷயம். மே 17ஆம் தேதி உட்கட்சித் தேர்தல், அதாவது கட்சிக்கு யார் வேட்பாளர் என்று அந்தக் கட்சி வாக்காளர்களே முடிவு செய்வது. குடியரசுக் கட்சியில் செனட்டுக்கு ஆஸும் டேவிட் மெக்கார்மிக்கும் மோதினார்கள். மெக்கார்மிக் பென்சில்வேனியாவில் பிறந்து வளர்ந்தவர், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், பெரிய முதலீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். எனக்கு அவர் அரசியல் பிடிக்காது. ஆனால் பொதுத் தேர்தலுக்கு நிறுத்தத் தக்க ஆள். டிரம்ப் ஆஸுக்குக் கை தூக்கினார். மறு எண்ணிக்கை முடிந்தபோது வித்தியாசம் 951 வாக்குகள். மாநிலம் முழுக்க 67 கவுண்டிகள் (நம் மாவட்டங்கள் மாதிரி), அதில் 951! இது ஊராட்சித் தேர்தலில் கேட்கிற கணக்கு.

ஆஸைப் பற்றி நம் வீடுகளில் ஒரு மயக்கம் இருந்தது. இதய அறுவை நிபுணர், பதின்மூன்று வருடம் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தியவர், துருக்கியிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. வென்றிருந்தால் செனட்டின் முதல் முஸ்லிம் உறுப்பினர். ஆனால் பல்லாண்டு காலம் குடியிருந்தது பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில். பென்சில்வேனியாவில் மாமனார் வீட்டு முகவரியைக் காட்டித்தான் வாக்காளரானார். மாமனார் வீட்டு முகவரியில் நின்று ஊரை ஆள வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் தஞ்சாவூர்ப் பக்கம் என்ன சொல்வார்களோ அதையேதான் இந்த ஊரும் சொன்னது. ஃபெட்டர்மேன் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நியூ ஜெர்சிக் கடற்கரை மீது பதாகை கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டு, ஆஸை வீட்டுக்குத் திரும்பி வரும்படி வரவேற்றார்கள்.

அப்புறம் அந்தக் காய்கறி வீடியோ. கடைக்குள் நின்று ப்ராக்கோலி, கேரட், அஸ்பாரகஸ் என்று கையில் அடுக்கிக்கொண்டு, விலைவாசியைப் பாருங்கள் என்கிறார். அந்தத் தட்டுக்கு அவர் சொன்ன பெயர் 'க்ருடிட்டே'. கடையின் பெயரையும் தப்பாகச் சொன்னார். இங்கே அதைக் காய்கறித் தட்டு என்பார்கள். பிரெஞ்சுப் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. ஏப்ரலில் எடுத்தது ஆகஸ்டில் ஊரெல்லாம் சிரித்தது. விலைவாசி என்கிற கூர்மையான ஆயுதத்தைத் தானே மழுங்கடித்துக்கொண்ட வேட்பாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எதிரே நின்ற ஃபெட்டர்மேன் வேறு வார்ப்பு. ஆறடி எட்டங்குலம், மொட்டைத் தலை, எந்நேரமும் அரைக்கால் சட்டை. பிட்ஸ்பர்க் பக்கத்து பிராடக் என்ற எஃகு ஊரின் மேயராகப் பதின்மூன்று வருடம். எஃகுத் தொழிலதிபர் கார்னகியின் முதல் எஃகாலை அமைந்த ஊர் அது. ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் வாழ்ந்த இடத்தில் இப்போது இரண்டாயிரத்துக்கும் குறைவு. அந்த ஊரின் அஞ்சல் எண்ணைக் கையில் பச்சை குத்தியிருக்கிறார். உட்கட்சித் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு பக்கவாதம் வந்தது. எவ்வளவு கடுமை என்பதை அவர் தரப்பு மூடி மூடித்தான் சொன்னது. அது தப்பு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அக்டோபர் 25ஆம் தேதி ஹாரிஸ்பர்க்கில் ஒரே ஒரு விவாதம். கேள்விகளை எழுத்தில் காட்டும் திரை வைத்துக்கொண்டு நின்றார். வாக்கியங்கள் பாதியில் அறுந்தன. என் வீட்டில் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். 'உப்பு' என்று சொல்ல நினைத்து 'கதவு' என்பார். என்ன நினைக்கிறார் என்பது கண்ணில் தெரியும். அந்த இரவு பாதிப் பேர் ஃபெட்டர்மேன் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் அதே விவாதத்தில் ஆஸ், கருக்கலைப்பு முடிவு பெண், மருத்துவர், உள்ளூர் அரசியல் தலைவர்கள் ஆகியோரிடம் இருக்க வேண்டும் என்ற பொருளில் பேசிவிட்டார். கூட்டாட்சி அரசு தலையிடக் கூடாது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஜூன் மாதம்தான் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்திருந்தது. அந்தச் சூட்டில் 'உள்ளூர் அரசியல் தலைவர்கள்' என்ற சொல் போதாதா? மறுநாளே அது விளம்பரமாகிவிட்டது. சொல் தடுமாறியவர் பிழைத்தார், சரளமாகப் பேசியவர் மாட்டிக்கொண்டார்.

இனி, ஜனநாயகக் கட்சி நண்பர்கள் என்னைத் திட்டப்போகிற பகுதி. நான் ஷபிரோவுக்கும் ஃபெட்டர்மேனுக்கும் போட்டவன், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஷபிரோ வென்ற விதத்தில் ஒரு முள் இருக்கிறது. மாஸ்ட்ரியானோ ஓய்வு பெற்ற ராணுவ கர்னல், மாநில செனட்டர். 2020 அதிபர் தேர்தல் முடிவை மாற்ற முனைந்தவர்களில் முன்வரிசை; டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றத்தைத் தாக்கிய 2021 ஜனவரி 6ஆம் தேதி வாஷிங்டன் நாடாளுமன்ற வளாகம் வரை போனவர். மாநிலத்தின் வாக்காளர்கள் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பேசியவர். இந்த மாநிலத்தில் தேர்தலுக்குப் பொறுப்பான செயலரை நியமிப்பது ஆளுநர். அவர் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

அப்படிப்பட்டவரை உட்கட்சித் தேர்தலில் தூக்கிவிட யார் விளம்பரம் கொடுத்தது தெரியுமா? ஷபிரோ. தன் கட்சியில் போட்டியே இல்லாமல் வந்தவர், எதிர்க்கட்சி உட்கட்சித் தேர்தலின்போது, மாஸ்ட்ரியானோ வென்றால் அது டிரம்பின் கொள்கைக்கு வெற்றி என்று தொலைக்காட்சியில் ஓடவிட்டார். கண்டிப்பதுபோல் தோற்றம், குடியரசுக் கட்சிக்காரர் காதில் அது பாராட்டு. மாஸ்ட்ரியானோ தன் விளம்பரத்துக்குச் செலவழித்ததைவிட ஷபிரோ அவருக்காக அதிகம் செலவழித்தார் என்று அப்போது செய்திகள் வந்தன. கடைசி மூன்று நாளில் டிரம்பும் ஆதரவு கொடுத்தார். எளிய எதிரி கிடைத்தார், கணக்கு பலித்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, கடிக்கவில்லை பார் என்று சொல்வதைச் சாமர்த்தியம் என்று என்னால் பாராட்ட முடியவில்லை. ஜனநாயகத்தைக் காப்பாற்ற எனக்குப் போடுங்கள் என்று கேட்டவர் செய்த காரியம் அது. இதைச் சொன்னால், ஜெயித்தாரா இல்லையா என்று கேட்கிறார்கள். ஜெயித்தார்.

ஷபிரோவும் ஃபெட்டர்மேனும் செய்தியில் நிறைந்த அளவுக்கு, உண்மையில் அதிகம் பாதித்த முடிவு பேசப்படவில்லை. மாநிலக் கீழவை, 203 இடங்கள். பன்னிரண்டு வருடம் கழித்து ஜனநாயகக் கட்சிக்கு 102, குடியரசுக் கட்சிக்கு 101. அந்த 102இல் ஒருவர் இறந்துபோனவர்! பிட்ஸ்பர்க் அருகே பென் ஹில்ஸ் பகுதியின் டோனி டெலூக்கா, 85 வயது, அக்டோபர் 9ஆம் தேதி காலமானார். சீட்டு அச்சாகிவிட்டதால் பெயரை எடுக்க முடியவில்லை. 80 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றார். இன்னும் இரண்டு பேர், ஆஸ்டின் டேவிஸ் துணை ஆளுநராகவும் சம்மர் லீ காங்கிரஸுக்கும் தேர்வாகிவிட்டதால் இடத்தை விட்டுப் போனார்கள். ஆக ஜனவரியில் அவை கூடும்போது பெரும்பான்மைக் கட்சிக்கு 99, சிறுபான்மைக் கட்சிக்கு 101. யார் பேரவைத் தலைவர் என்று குழப்பமோ குழப்பம். மார்க் ரோஸி என்ற ஜனநாயகக் கட்சிக்காரரை இரு பக்கத்திலிருந்தும் வாக்குப் போட்டு உட்கார வைத்தார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி மூன்று இடைத்தேர்தல்; மூன்றையும் ஜனநாயகக் கட்சி வென்றது. மாதக் கடைசியில் ஜோவானா மெக்லின்டன் பேரவைத் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்.

இந்த ஒரு இடத்துக்கு ஏன் இத்தனை கவலை? ஆளுநரின் ரத்து அதிகாரத்தைத் தாண்ட இங்கே ஒரு வழி உண்டு. மாநில அரசியலமைப்புத் திருத்தத்தை அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் நிறைவேற்றினால் அது ஆளுநரிடம் போகாமல் நேரே பொதுவாக்கெடுப்புக்குப் போகும். 2022 ஜூலையில் கருக்கலைப்புக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்ற திருத்தம் முதல் சுற்றைத் தாண்டிவிட்டது. இரண்டாவது சுற்று இந்த 102இல் முட்டி நின்றது. (அந்தத் தேர்தலில் வந்தவர்களில் அரவிந்த் வெங்கட் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் ஒருவர். டாக்டர்தான் வேண்டும் என்ற அண்ணன், பாவம், அந்தத் தொகுதியில் இல்லை.)

என் வீட்டிலும் ஒரு தேர்தல் நடந்தது. மனைவி தபாலில் போட்டாள். வெளி உறையில் கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதி எழுத வேண்டும். அவள் பழக்க தோஷத்தில் பிறந்த தேதியை எழுதிவிட்டாள். தேதியில்லாத, தேதி தப்பான உறைகளை எண்ணக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே நவம்பர் 1ஆம் தேதி, தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு. கவுண்டி அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று சரி செய்தாள். வரிசையில் முக்கால்வாசி வயதானவர்கள். இருபது நாள் முன்பே கைக்கு வந்து சேர்ந்த உறையில், எழுதிய தேதியை வைத்துக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்ட கேள்விக்கு அங்கிருந்த யாரிடமும் பதில் இல்லை.

951க்கு வருகிறேன். 2024இல் குடியரசுக் கட்சி கண்ணைக் குத்திக்கொள்ளவில்லை. மெக்கார்மிக்கை உட்கட்சிப் போட்டியே இல்லாமல் நிறுத்தியது. எதிரே ஜனநாயகக் கட்சியின் பாப் கேசி, மூன்று முறை வென்ற செனட்டர், தந்தை ஆளுநராக இருந்தவர், இந்த மாநிலத்தில் தெரியாதவர் இல்லாத பெயர். சுமார் 15 ஆயிரம் வாக்குகளில் மெக்கார்மிக் வென்றார். டிரம்பும் மாநிலத்தைப் பிடித்தார். கீழவை மட்டும் மறுபடி அதே 102க்கு 101. ஆஸ் இப்போது வாஷிங்டனில் முதியோர், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் துறையின் தலைவர். ஃபெட்டர்மேனைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் அன்று அவருக்காக வீடு வீடாகக் கதவு தட்டியவர்கள்.

அண்ணன் 2024இல் மெக்கார்மிக்குக்குப் போட்டார். "இவர் டாக்டர் இல்லையே அண்ணா" என்றேன். "கேசி எதிரே நின்றார், அவ்வளவுதான்" என்றார். ஏன் என்று எவ்வளவோ கேட்டேன், சொல்லவில்லை. மனைவி நேராக வாக்குச்சாவடிக்கே போனாள். தபால் உறையை இனி தொட மாட்டாளாம்.